ஹஜ்ஜாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கு?

மித்கால் மேல் எனக்குப் பல வருஷத்து ஆற்றாமை ஒன்று உண்டு. அவன் சலூனுக்கு எதிரில்தான் என் கறிக்கடை. எனக்குச் சித்தப்பா பேரன் வேறு. சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தால் இடுப்புவலியைக் கேட்பான், குவைத்தில் இருக்கும் மகனைக் கேட்பான். ஜோர்டானில் இந்த ஸல்த் ஊரில் இவன் ஒருத்தனுக்காவது நம் நினைப்பு இருக்கிறதே என்று குளிர்ந்துபோய் வீட்டுக்குப் போவேன்.

ஒருநாள் அவனே சந்தோஷமாகப் போனை நீட்டிக் காட்டினான். அதில் என்னைப் பற்றி எழுதியிருந்தது: "அபூ ஹைசம். இடுப்பு. மகன் குவைத். சிரிக்க வை, இல்லேன்னா கத்துவான்."

இத்தனை நாளும் என்னை விசாரித்தது அவனில்லை, போன். அன்றைக்குக் கறி வாங்க வந்தவர்கள்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

எங்கள் ஊரில் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்தால், அப்பா, அம்மா, பிள்ளைகள், வெளிநாட்டில் இருப்பவன் என்று வரிசையாக நலம் விசாரித்துக்கொண்டேதான் வெட்ட வேண்டும். ஒரு ஆள் விட்டுப்போனால் அது மனசில் நிற்கும். அதற்குத்தான் மித்கால் போனில் குறிப்பு எழுதிவைத்தான். சரியான செயலி அமைய அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் ஒன்று. குடும்பவாரியாக அறைக்குள் அறை. ஆளைத் தேடி எடுப்பதற்குள் கன்னத்தில் நுரை காய்ந்துவிடும். அடுத்தது சொந்தங்களுக்குள் கோடு போட்டுக் காட்டும். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான். திரை எறும்புப் புற்றைக் கிளறிவிட்ட மாதிரி இருந்தது.

"இதுல நீ எங்க இருக்கேன்னு பாரு, அபூ ஹைசம்."

"என் மாமனார்தான் தெரியறார். மூடு."

கடைசியாக ஒன்று பிடித்தான். வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும். பழையதையெல்லாம் அதற்கு மாற்றினான். எழுத்து மொத்தமும் வந்தது. வண்ணம் வரவில்லை. செத்துப்போனவர்கள் பேருக்குப் பக்கத்தில் அவன் வைத்திருந்த கறுப்புப் புள்ளிகள் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. அவன் கவனிக்கவில்லை.

அந்த வாரம் ஊரில் பெரிய குடும்பத்துக்காரரான அபூ நாயிஃப் முடிவெட்ட வந்தார். கடை நிறைய ஆள். நானும் இருந்தேன். மித்கால் துண்டுக்கு அடியில் போனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாதித் தலை வெட்டியபின் கேட்டான்:

"ஹஜ்ஜாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கு? மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடறாங்களா?"

ஹஜ்ஜா, அபூ நாயிஃபின் தாயார், நோன்புக்கு முன்னாலேயே அடக்கமாகிவிட்டார். ஜனாஸாவைத் தோளில் தூக்கியவர்களில் மித்காலும் ஒருவன்.

அபூ நாயிஃப் கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, பாதித் தலையோடு இறங்கிப் போனார். அதோடு அவர் குடும்பத்து ஆட்கள் ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. சலூனுக்கு வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான். இன்னும் கொஞ்ச நாள் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

வேறு வழியில்லை. பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனோம். குடும்பத்தில் மூத்தவன் என்று என்னை முன்னால் விட்டார்கள். கார் மோதிய விவகாரத்துக்குப் போயிருக்கிறேன், பெண் கேட்கப் போயிருக்கிறேன். ஒரு போனுக்காகப் போனதில்லை. படி ஏறும்போதே உடம்பு கூசியது.

காபி வந்தது. கேட்க வந்தது கிடைக்கிறவரை குடிக்கக்கூடாது. கோப்பைகள் எங்கள் முன்னால் அப்படியே இருந்தன. தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று எனக்கு வந்ததைச் சொன்னேன்.

"எங்கம்மா ஜனாஸாவத் தூக்கினவன் சர்க்கரை எப்படின்னு கேக்கறான்," என்றார் அபூ நாயிஃப். "ஊர் முன்னாடி என்ன நக்கல் அது?"

தப்புச் செய்தவன் அந்தச் சபையில் வாய் திறக்கக்கூடாது. மித்கால் திறந்தான்.

"நக்கல் இல்ல, அபூ நாயிஃப். அந்த வருஷம் எனக்கு மூளையில அடைப்பு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தேனே, அதுக்கப்புறம் மண்டையில ஒண்ணும் தங்கறதில்ல. நான் தூக்கினேன்னு நீங்க சொல்லித்தான் இப்ப எனக்குத் தெரியும்."

அபூ நாயிஃப் என்னைக் காட்டினார். "இவரு யாரு?"

மித்கால் என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "நம்ம எதிர்க்கடை," என்றான். பேர் வரவில்லை. காது மடல் சிவந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டான்.

எல்லாரும் கம்பளத்தைப் பார்த்தார்கள். நானும்தான். என்னை மறந்துவிடக்கூடாதென்று எழுதிவைத்தவன்மேல் இத்தனை வருஷம் மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்தேன். சீ என்றிருந்தது.

"காபியக் குடிங்க, ஆறிப்போச்சு," என்றார் அபூ நாயிஃப். குடித்தோம். எழுந்திருக்கும்போது மித்கால் தோளில் கைவைத்தார். "நாளைக்கு வரேன். மீதித் தலைய வெட்டு. ஆனா நான் உக்காந்திருக்கும்போது அந்தப் போன் கடைக்குள்ள இருக்கக்கூடாது. யாரையும் நீ விசாரிக்கவே வேணாம்."

வெளியே வந்ததும் மித்கால் போனை என் கையில் திணித்தான். இரண்டு படி இறங்கினான், நின்றான்.

"நாளைக்கு அவருக்கு முன்னாடி நீ வந்துடு. அவர் வீட்டுல யாரு இருக்கா, யாரு போயிட்டான்னு என் காதுல சொல்லு. வெட்டுறவன் வாய மூடிக்கிட்டு எப்படி வெட்டறது? உன் வீட்டு ஆளுங்களையும் சொல்லு, அபூ... நீ மொதல்ல சொல்லிடு, அப்புறம் நான் கேக்கறேன்."