கேட் கேமராவும் தண்ணி லாரியும்

கேமரா மாட்டுவது சுலபம். மாட்டிய பிறகு அதைப் பார்க்கிறவர்களைச் சமாளிப்பதுதான் தொழில். தாம்பரத்தைச் சுற்றி ஏணியும் லேப்டாப்புமாக அலைகிற சக தொழிலாளிகளே, "படம் நிக்குது சார்" என்று போன் வராமல் ஒரு நாளாவது காலை டிபனை முடித்திருக்கிறீர்களா? நான் முடித்ததில்லை. சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு அபார்ட்மென்ட்டில் பதினாறு கேமரா போட்டுவிட்டு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஏணி பிடித்தவர்

அந்த அபார்ட்மென்ட்டின் வாட்ச்மேன் ஏழுமலை அண்ணா. முதல் நாள் கேட்டுக்கு மேலே கேமரா மாட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். டீ வாங்கி வந்ததும் அவர்தான். கேமராவைக் கொஞ்சம் திருப்பி வாட்ச்மேன் நாற்காலியும் தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லி, பால்கனியிலிருந்து செகரட்டரி சத்தம் போட்டார். திருப்பினேன்.

அண்ணா முகம் வாடிவிட்டது. பக்கத்துத் தெருவில் கேமரா வந்த கையோடு வாட்ச்மேனை நிறுத்திவிட்டார்களாம். இவருக்குக் காலேஜில் படிக்கிற பெண் இருக்கிறாள். ஏணியை விடாமலே மேலே பார்த்துக் கேட்டார்: "இன்னா தம்பி, என் வேலைக்கு நானே ஏணி புடிச்சி வேட்டு வச்சிக்கினேனா?"

ராசியான நம்பர்

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. கேட் கேமராவுக்குப் பதினேழு கொடுத்தேன். செகரட்டரி ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். போதாததற்கு நியூமராலஜி பிரியர். ஒன்றும் ஏழும் எட்டு, எட்டு என்றால் சனி என்று முகம் சுளித்தார். பார்க்கலாம் சார் என்று நழுவிவிட்டேன். பாஸ்வேர்டு அவரிடமும் இருப்பதை மறந்து தொலைத்தேன்.

மறுநாள் அசோசியேஷன் நெட்டே படுத்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், கேட் கேமராவுக்கு அவரே ஒன்றாம் எண்ணைப் போட்டிருக்கிறார். சூரியனுடைய எண்ணாம். அது ஏற்கெனவே ரவுட்டருடைய எண். ஒரே கதவு எண்ணை இரண்டு வீட்டில் எழுதி வைத்தால் கொரியர்காரர் எங்கே போவார் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ஒன்னு ராசியான நம்பர்ப்பா, அது கேமராகிட்டயே இருக்கட்டும், ரவுட்டருக்கு அந்தப் பதினேழைக் கொடுத்துடேன்."

கலங்கலா, தெளிவா?

கூட்டிக் கூட்டி ஒன்று வருகிற பத்தொன்பதில் சமாதானம் ஆனோம். அடுத்த புகார் வந்தது: காலையில் மட்டும் கேட் கேமரா அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. தண்ணி லாரி வருகிற நேரத்தில் எல்லா வீட்டிலும் போனில் கேட் கேமராவைத் திறக்கிறார்கள், அதுவும் ஹெச்டியில். கேமராவிலிருந்து, படத்தைச் சேமித்து வைக்கிற கீழ்த்தள ரெக்கார்டருக்குப் படம் கட்டடத்துக்குள்ளேயே போகிறது; அதில் தொல்லையில்லை. போனுக்குப் போக வேண்டுமென்றால் நெட் வழியாக வெளியே போக வேண்டும். அவர்கள் எடுத்திருந்த மலிவு பிளானில் உள்ளே வருகிற வழி அகலமான ஜிஎஸ்டி ரோடு, வெளியே போகிற வழி வெறும் சந்து.

போனுக்கு மட்டும் சின்ன அளவுப் படம் அனுப்பிவிடலாம் என்றேன். மூன்றாவது மாடி வசந்தி மேடம் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "ஹெச்டின்னு சொல்லித்தானே போட்டீங்க, லாரித் தண்ணி கலங்கலா தெளிவான்னு நாங்க பார்க்க வேணாமா?"

அசையாத வாட்ச்மேன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை செகரட்டரி அவசரமாகக் கூப்பிட்டார். அசோசியேஷன் கூட்டம். முந்தின நாள் காலையில் மூன்று வீட்டுக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அரை மணி நேரத்துக்குள் விட்டு விட்டு ஆளுக்கொரு படம் போட்டிருந்தார்கள். மூன்றிலும் ஏழுமலை அண்ணா நாற்காலியில் கண்ணை மூடி, வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறார். அரை மணி நேரமாக அசையவில்லை, வேறு ஆள் பார்க்கலாம் என்று பேசி முடித்துவிட்டார்கள். அண்ணா வாசல் ஓரமாகத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாற்காலி பக்கம் கேமராவைத் திருப்பியவன் நான்தானே.

படங்களை உற்றுப் பார்த்தேன். மூன்றிலும் மூலையில் ஓடுகிற கடிகாரம் ஒரே நொடியில் நின்றிருந்தது. "இது லாரி நேரத்துல நின்னுபோன படம் சார்" என்றேன். யாரும் நம்பவில்லை. ரெக்கார்டரில் இருந்ததை டிவியில் போட்டேன். அண்ணா கண்ணை மூடுகிறார், வாயைத் திறக்கிறார், உடம்பே குலுங்க ஒரு தும்மல் போடுகிறார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து கேட்டைத் திறக்கிறார், லாரிக்கு ரிவர்ஸ் பார்க்கிறார், ஓஸ் பைப்பைத் தூக்கிக்கொண்டு தரைக்கடியில் இருக்கும் சம்ப்புத் தொட்டிக்கு ஓடுகிறார். தும்மி எழுந்த பிறகு அந்த அரை மணி நேரமும் மனிதர் உட்காரவே இல்லை.

முதலில் சிரித்தது வசந்தி மேடம். "போய் வேலையைப் பாருங்க ஏழுமலை" என்று சொல்லிவிட்டுச் செகரட்டரி மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கே எல்லாப் போனுக்கும் சின்னப் படமாக மாற்றினேன். ஹெச்டி என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது அண்ணா எனக்காகக் கேட்டைத் திறந்துவிட்டு, கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "இனிமே தும்மல் வந்தா, கேமராவுக்கு முதுகக் காட்டிக்கினு தும்மணுமா தம்பி?"

இத்தனை வருஷத்தில் என் கேமரா ஒரு திருடனைக்கூடப் பிடித்துக் கொடுத்ததில்லை. தும்மிய மனிதர் ஒருவரைத்தான் பிடித்தது, அவரையும் நானே போய் விடுவிக்க வேண்டியிருந்தது.