மேட்டுக்கு உருட்டிப்போன மொபெட்

என் தம்பி அந்த மொபெட்டைத் திருடவில்லை. கடலோரக் கிளிஞ்சல்மேட்டில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் சாவியோடு நின்றதை, கடல் வருகிறது, கடல் வருகிறது என்று, மேட்டுப் பக்கமாகத் திருநள்ளாறு வரை வெறுங்காலோடு உருட்டிக்கொண்டே போயிருக்கிறான். சுனாமி ஊருக்குள் வந்து போன நாளிலிருந்து அவனுக்குள் அந்தத் தண்ணீர் வடியவில்லை. மாத்திரை போட்டால் பின்வாங்கும், விட்டால் ஏறும். வயிறு எரிகிறதென்று அந்த மாதம் விட்டிருந்தான்.

கோர்ட்டில், இலவச சட்ட உதவிக்கு வந்த வக்கீலம்மா என் காதருகே சொன்னார். "ஒத்துக்கட்டும்க்கா. இன்னைக்கே முடிஞ்சிடும்."

எது முடியும்? ஜெயிலில் அவன் கையில் மாத்திரையை வைத்து, விழுங்கும்வரை யார் நிற்பார்கள்? வியாதி என்னவென்று கேட்காமலே திருடன் என்று எழுதிவிடுவார்களே.

"வண்டிய எடுத்தியா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"ஆமாங்கய்யா."

"திருடணும்னுதான் எடுத்தியா?"

"ஆமாங்கய்யா."

உடம்பு முடியாத நாட்களில் எதைக் கேட்டாலும் ஆமாம்தான். பால் திரிந்தாலும் தன்னால்தான் என்பான், மழை பெய்யாவிட்டாலும் தன்னால்தான் என்பான். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, எழுந்திருந்தேன்.

"ஐயா, அன்னைக்குக் கடல் ஊருக்குள்ள வந்தது யாராலன்னு அவன்கிட்ட ஒரு தடவ கேளுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீலம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். தயங்கித்தான் கேட்டார்.

"கடல் வந்தது உன்னாலயா?"

"ஆமாங்கய்யா." தம்பி அழுதான். "நான்தான் கதவச் சாத்தல. எல்லாரும் போயிட்டாங்க."

சிரித்தவர் குனிந்துகொண்டார்.

"இந்த ஆமாவ நான் எழுத முடியாது," என்றார் மாஜிஸ்திரேட். "முதல்ல டாக்டர் பார்க்கட்டும். மாத்திரை தவறக் கூடாது. வழக்கு இருக்கட்டும், இவர் தெளிஞ்சு பேசுறப்போ கேட்டுக்கலாம்."

வெளியே மொபெட்டுக்காரி நின்றிருந்தாள். திருமலைராயன்பட்டினம் வரை மீன் கொண்டுபோய் விற்கிறவள். இரண்டு நாள் வியாபாரம் கெட்ட கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக போலீஸ் வேனில் ஏறப்போனவன் அவளைப் பார்த்ததும் நின்றான்.

"வண்டி நனையலியேக்கா?"

"நனையல. உருட்டியேல்ல போயிருக்க, பெட்ரோல்கூட குறையல, கிறுக்குப்பயலே." அவன் பாதத்தின் கொப்புளங்களைப் பார்த்துவிட்டாள். தன் ரப்பர் செருப்பைக் கழற்றி அவன் பக்கம் தள்ளினாள். "போடு, முழிக்காத."

அவனுக்கு அது பாதிதான் நுழைந்தது. குதிகால் வெளியே நிற்க, தடுமாறி வேனில் ஏறினான்.