கூரையைத் தொடாத சுவர்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஹட்டனில் விஞ்ஞானம் படிப்பித்து, அதிபராக ஓய்வு பெற்றவன். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டாலும் கோபிக்க மாட்டேன்.

சவரிமுத்துவும் நானும் திம்புள்ளப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான ஒரே லயத்தில், அடுத்தடுத்த ஒற்றையறைக் காம்பராக்களில் பிறந்தவர்கள். அவன் கொழும்பில் பெரிய கட்டடக் கலைஞனாகி, கண்ணாடியும் உயரமுமாக ஹோட்டல்கள் கட்டினான். கடைசிக் காலத்தில், எங்கள் லயத்தை இடித்த அந்த மேட்டிலேயே மலையக மக்களுக்கு ஓர் அருங்காட்சியகம் கட்ட வரைபடம் கொண்டுவந்தான். அதை முடிவு செய்யும் குழுவுக்கு நான்தான் தலைவர்.

வரைபடத்தில் வெறும் காம்பராக்கள். காட்சிப் பொருள் ஒன்றுகூட இல்லை. நடுச்சுவர்கள் பழைய லயத்தில் போலவே கூரையைத் தொடாமல் நின்றன. அந்த இடைவெளியால்தான் அந்தக் காலத்தில் ஒரு வீட்டுச் சண்டையும் தாலாட்டும் எல்லா வீட்டுக்கும் போகும். நான் பரீட்சையில் தவறி, அப்பா கையை ஓங்கியபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சவரியின் அம்மா "புள்ளைய அடிச்சிறாதீங்கண்ணே" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏன்டா, வெள்ளைக்கார துரை கல்லை மிச்சம் பிடிச்ச சுவரை நீயும் கட்டப் போறியா?" என்றேன். குழுவே சிரித்தது.

"சிரிங்கடா. இத்தனை கட்டடம் கட்டி, சுவரை எங்க நிப்பாட்டணும்னு இப்பதான் படிச்சிருக்கேன். வர்றவங்க ஒண்ணையும் பார்க்க வேணாம். பக்கத்து வீட்டைக் கேட்கட்டும்."

"கேட்க யாருடா வருவா?"

அவன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனான். என் சொல்லால்தான் அது நின்றது. லயத்தில் பிறந்ததை நாலு பேருக்குக் காட்ட எனக்கு வெட்கம், உண்மை அதுதான். அடுத்த மழைக்காலத்தில் அவன் இறந்துபோனான்.

போன வருஷம் ஒரு மத்தியானம் அந்த மேட்டுக்குத் தனியாகப் போனேன், மன்னிப்புக் கேட்க. மானாப்புல்லைத் தவிர எதுவும் இல்லை, கிட்டத்தில் வீடும் இல்லை. பனிமூட்டம் இறங்கியது. அப்போது பேச்சுச் சத்தம் கேட்டது, பாத்திரம் கழுவுகிற சத்தம், ஒரு பெண்ணின் சிரிப்பு. காற்று கொண்டுவந்திருக்கும் என்பீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், ஆனால் அது பக்கவாட்டில் வரவில்லை, இல்லாத சுவரேறி, தலைக்கு மேலே இல்லாத கூரைத் தகரத்தில் பட்டு இறங்கியது. அந்த வழியாக வந்த சத்தத்தில் வளர்ந்த காது இது.

நம்புங்கள், பயமே இல்லை. அழுகைதான் வந்தது. "சவரி" என்று கூப்பிட்டேன்.

பேச்சு சட்டென்று நின்றது. பிறகு ஒரு பெண் ரகசியக் குரலில் சொன்னாள்: "மெதுவா பேசுங்க, பக்கத்துல ஆள் வந்திருக்கு."

பயம் அப்போதுதான் வந்தது, இன்னும் போகவில்லை. லயத்தில் எங்கள் ஆட்களுக்காக யாரும் குரலைத் தாழ்த்தியதில்லை. துரைக்காக எங்களை வேலை வாங்குகிற கங்காணி வந்து வாசலில் நின்றால்தான் தாழ்த்துவார்கள்.