பழவேற்காட்டில் நிற்காத சாக்பீஸ்

எம்.ஏ. படித்துவிட்டால் கல்லூரியில் பாடம் நடத்திவிடலாம் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எங்கள் புரொபசருக்கு ஆகாது. திருப்பதியில் எங்களுக்குக் கடைசி வருடம் அவர் ஒரு தனிப் பயிற்சி வைத்தார். வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் பி.யூ.சி. பிள்ளைகளுக்கு ஒரு முழு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். கடைசி பெஞ்சில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புத்தகத்தைப் பார்க்காமல், பிள்ளைகள் கண் முன்னால், போர்டில் மேப் போட வேண்டும். போட்டதை அழிக்கக் கூடாது. டஸ்டரைத் தொட்டால் அன்றோடு சரி, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"உங்க கையில தெளிவில்லாட்டி பசங்க மண்டையில எப்படி ஏறும்?" என்பார். அவர் பேச்சுக்கு நாங்கள் தலையாட்டுவோம். ஹாஸ்டலுக்குப் போய்த் திட்டுவோம்.

சித்தூரில் புதிதாகத் தொடங்கப்போகிற ஒரு கல்லூரியில் சரித்திரத்துக்கு ஒரு டியூட்டர் வேலை இருந்தது. அதற்கு ஆள் சொல்வது அவர் கையில். நானும் பலமனேர்க்காரர் ஒருவரும்தான் போட்டியில் இருந்தோம். அவர் தெலுங்குக்காரர், அமைதியானவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் பக்கத்தில் என் நோட்டைத் திறக்கவே மாட்டேன். வேலைக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஆந்திராக்காரராக இருக்க வேண்டும். எங்கள் ஊர் சத்தியவேடு பக்கம், அப்போது மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது. திருத்தணி அந்தப் பக்கம் போகப்போகிறது, அதற்குப் பதிலாக எங்கள் பக்கத்து ஊர்கள் ஆந்திராவுக்கு வரப்போகின்றன என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு.

"எல்லை முடிவாகட்டும். உன் ஊர் இங்கே வந்தால் உனக்குத்தான். முதலில் கிளாஸை ஒழுங்காக எடு" என்று புரொபசர் சொல்லிவிட்டார்.

எனக்கு விழுந்த பாடம் 'ஆந்திராவின் ஆறுகளும் பழைய ராஜ்யங்களும்'. மேப்பில் ஆரம்பிக்க வேண்டும். வகுப்புக்குள் நுழைந்தபோதே காற்று சரியில்லை. முந்தின நாள்தான் ஸ்டேஷன் பக்கம் எல்லைக்காக ஒரு ஊர்வலம் போயிருந்தது. ஒரு பக்க பெஞ்சுகளில் தெலுங்குப் பையன்கள், மறு பக்கத்தில் நகரி, புத்தூர், திருத்தணிப் பையன்கள். யாரும் சொல்லாமலே பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் என் கையையே பார்த்தது.

போர்டின் வலது மூலையில் சாக்பீஸை வைத்து, வடக்கே ஸ்ரீகாகுளத்திலிருந்து கடற்கரையை இழுத்துக்கொண்டு வந்தேன். கோதாவரி, கிருஷ்ணா, நெல்லூர். கோடு அழகாக வந்தது. எனக்கே ஒரு குஷி. பழவேற்காடு ஏரியோடு ஆந்திரா முடிகிறது, அங்கே மேற்கே திரும்ப வேண்டும். திரும்பவில்லை. என் கை பாட்டுக்கு மெட்ராஸைத் தாண்டி, கடலூரைத் தாண்டி, நாகப்பட்டினத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது.

எலிமெண்டரி ஸ்கூலில் நாங்கள் போட்டது அந்த மேப்தான். அப்போது ஆந்திராவும் இல்லை, எல்லையும் இல்லை. ஒரே மெட்ராஸ் மாகாணம். வாத்தியார் தினமும் சிலேட்டில் போடச் சொல்வார், கோடு பழவேற்காட்டில் நின்றால் முட்டியில் அடி விழும். அந்தப் பழக்கம் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் ஒரு சிரிப்பு கேட்டது. அப்புறம் தெலுங்குப் பக்கத்திலிருந்து ஒருவன் எழுந்து, "மெட்ராஸ் கூட மனதேனா மேடம்?" என்றான். மெட்ராஸும் நம்முடையதுதானா என்று கேட்கிறான். மறு பக்கம் சும்மா இருக்குமா? "அடிச்சது யோகம், திருப்பதி நம்பளுதுடோய்!" என்று ஒரு குரல். பெஞ்சைத் தட்டினார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் பறந்து போய் யார் முகத்திலோ விழுந்தது. இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பயந்துபோய்க் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். புரொபசர் அசையவில்லை. என் கிளாஸைப் பார்க்க வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பலமனேர்க்காரர் எழுந்து, மேஜை மேலிருந்த டஸ்டரை எடுத்து மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். உதவி செய்தாரா, குழி வெட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த டஸ்டரைப் பார்த்ததும் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. என் கோபம் ஊரறிந்தது. நான் ஒரு அறை மேஜையில் வைத்தேன், சாக்பீஸ் தூள் எகிறியது.

"எவன்டா சட்டையைப் பிடிச்சது? விடு!" என்று தமிழில் கத்தினேன். அதையே தெலுங்கிலும் கத்தினேன். பாடம் இங்கிலீஷில் நடத்த வேண்டும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகமில்லை.

"இது பழைய மெட்ராஸ் மாகாணம். உங்க அப்பன் படிச்சதும் இதான், எங்க அப்பன் படிச்சதும் இதான். இதுல இருந்து ஆந்திராவைப் பிரிக்கணும். மெட்ராஸ் கூடவான்னு கேட்டியே, நீ வா. எல்லையை நீ போடு."

அவன் வீறாப்பாக வந்து சாக்பீஸை வாங்கினான். பழவேற்காட்டில் ஆரம்பித்து ஒரு சாண் போவதற்குள் கை நின்றுவிட்டது. எந்த ஊருக்கு மேலே, எந்த ஊருக்குக் கீழே? அவனுக்குத் தெரியவில்லை. திருத்தணிப் பையன் ஒருவனைக் கூப்பிட்டேன். அவன் இன்னொரு பக்கமிருந்து கொண்டுவந்தான். அவன் கோடும் நடுவில் நின்றது. இரண்டுக்கும் இடையில் ஒரு சந்து விழுந்திருந்தது. எங்கள் ஊர் அந்தச் சந்தில்தான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

"முடிவாகாததை விட்டுட்டு முடிவானதைப் பார்ப்போம், உட்காருங்க" என்று ஆறுகளைப் போட ஆரம்பித்தேன். மணி அடிக்கிறவரை மூச்சு விடாமல் நடத்தினேன். டஸ்டரைத் தொடவில்லை.

புரொபசர் தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். "ஏமம்மா, மேப் தப்பு" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "கிளாஸ் தப்பில்லை. நான் உன் பேரைத்தான் சொல்வேன். ஊர் மட்டும் இந்தப் பக்கம் வரட்டும்."

வெங்கடாசலபதி, எங்கள் ஊரை ஆந்திராவுக்குக் கொடுத்துவிடு என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். தமிழச்சியாக இருந்துகொண்டு இப்படி வேண்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

லீவுக்கு ஊருக்குப் போனால், வீடு நிறைய ஆட்கள். நடுவில் என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஊரை மெட்ராஸிலேயே வைக்க வேண்டும் என்று மனு போடுகிறார்கள். சந்தையில் பேரம் பேசத் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்று காலம் தள்ளினவர் நைனா. ஆனால் தாலுகா கச்சேரிக்குப் போனால் தமிழில்தான் பேச வேண்டும் அவருக்கு. ஆட்கள் போனதும் ஒரு பெரிய சார்ட் பேப்பரை என் முன்னால் விரித்தார்.

"மனுவோட மேப்பு வெக்கணுமாம்மா. நீ போட்டுக் குடு."

"எல்லைக் கோட்டோடவா?"

"ஆமா. நம்ம ஊரு மெட்ராஸ் பக்கம் வர்ற மாதிரி."

சித்தூர் வேலையைப் பற்றி ஏற்கெனவே அவருக்கு எழுதியிருந்தேன்.

"நைனா, இது ஜெயிச்சா எனக்கு வேலை கெடையாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினேவா என்னைப் போடச் சொல்ற?"

"வேற யார்கிட்ட போவேன்? சோறு துன்னாக்கூட எறங்கல எனக்கு. உன் வேலைய நெனச்சிக்கினே தான் கையெழுத்து வாங்க வீடு வீடாப் போய்க்கினு இருக்கறேன். இந்த ஊர்ல மேப்பு போடக் கத்துக்கினவ நீ ஒருத்தி. வேற எவனாவது போட்டா ஆத்தக் கொண்டுபோய் மலைமேல வெச்சிடுவான்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேப்பரைக் கிழித்து அவர் முகத்தில் எறியலாமா என்றிருந்தது. அந்த மனு பிற்பாடு ஒன்றுக்கும் உதவவில்லை, ஊர் ஆந்திராவுக்கு வந்தது, சித்தூரில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஆனால் அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது.

பென்சிலைச் சீவினேன். காற்றில் பேப்பர் பறக்காமல் நைனா இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொண்டார். நெல்லூரிலிருந்து கரையை இழுத்து வந்தேன். பழவேற்காட்டில் கை தானாகவே நின்றது. அங்கிருந்து மேற்கே திரும்பி எங்கள் ஊர்ப் பக்கம் வந்தபோது நைனா பேப்பரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்னா வுட்டுடு கண்ணு" என்றார்.

"சும்மா இரு நைனா, கோடு கோணலாப் போயிடும்" என்று அதட்டிவிட்டு, ஊருக்கு வடக்கே கோட்டை இழுத்தேன்.