தீத்திவிட்ட கை

ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு என் கைப்பேசி அடிக்கத் தொடங்கிவிடும். பேசாலை, முருங்கன், அடம்பன் என்று எங்கள் மாவட்டத்தின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "அக்கா, ஓ.ரி.க்கு என்ன தகைமை வேணும்?" ஓ.ரி. என்றால் தொழில்வழிச் சிகிச்சை. கை கால் வராமல் போனவர்களைத் திரும்பவும் தாங்களே உடுக்க, உண்ண, முகம் கழுவ, வேலை செய்யப் பழக்குகிற படிப்பு. மன்னாரில் இருந்து அதற்குப் போனவர்கள் அருமை. அதனால் இறுதி வருடத்தில் இருக்கிற என்னை ஏதோ பெரிய ஆள் என்று நினைத்துக் கேட்கிறார்கள்.

நானும் சளைக்காமல் சொல்வேன். பயோ படித்திருக்க வேண்டும். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும். பொதுச் சோதனையை விளையாட்டாக எடுக்கக்கூடாது, அதிலும் குறைந்தபட்சப் புள்ளி இருக்கிறது. இசட் புள்ளி மன்னார் மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். எங்கள் மாவட்டப் பள்ளியில் கேட்கிற காலம் முழுக்கப் படித்ததை உறுதிப்படுத்த வேண்டும். விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்பப்படி வரிசைப்படுத்தும்போது மாமா சொன்னார், மாமி சொன்னா என்று மேலே கீழே மாற்றக்கூடாது, மேலே போட்டது கிடைத்தால் கீழே இருப்பதை மறந்துவிட வேண்டியதுதான். படிப்பு முழுக்க ஆங்கிலத்தில், இப்பவே பழகு. இவ்வளவையும் மூச்சு விடாமல் ஒப்புவிப்பேன். அந்தப் பக்கத்தில் பிள்ளை எழுதிக்கொள்வது கேட்கும். "தாங்ஸ் அக்கா" என்று அது போனை வைத்த பிறகு, எதையோ களவெடுத்து வைத்திருப்பவளைப் போல இருப்பேன். ஏனென்றால் இவ்வளவு தகைமையும் என்னிடம் இருந்தது. அதை நான் தேடிக்கொண்ட விதத்தை ஒருத்தருக்கும் சொல்வதில்லை.

நாங்கள் விடத்தல்தீவு. அப்பா என் சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா கருவாட்டு வாடியில் வேலை. அண்ணன் தெற்கே சிலாவத்துறைப் பக்கம் சங்கு குளிக்கிற வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தார். நான் உயர்தரம் தொடங்கிய புதிதில், ஒரு நாள் ஆழத்தில் சிலிண்டரில் காற்று முடிய, அவசரமாக மேலே வந்திருக்கிறார். ஆறுதலாக, நின்று நின்று வர வேண்டும், இல்லாவிட்டால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி நரம்பைத் தாக்கிவிடும். அது அவருக்குத் தெரியாததா? காற்று இல்லையென்றால் என்ன செய்வது. வள்ளத்தில் ஏறியதும் விழுந்தவர். பெரியாஸ்பத்திரியில் பல வாரம் கிடந்து வீட்டுக்கு வந்தபோது வலது காலை இழுத்து நடந்தார், வலது கை தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில்தான் தொழில்வழிச் சிகிச்சை என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே கண்டேன். ஒரு இளம் மிஸ் அண்ணனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, அவர் சட்டைத் தெறியைத் துளைக்குள் விட்டுப் பூட்டும்வரை பார்த்துக்கொண்டு இருந்தா. அண்ணனுக்கு வேர்த்து ஊற்றியது. நான் பொறுக்க மாட்டாமல் கையை நீட்டினேன். "தங்கச்சி, நீங்கள் பூட்டினா அது உங்கட கைக்குத்தான் பயிற்சி" என்றா. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. இதைத்தான் படிக்க வேண்டும் என்று அந்த வாட்டில் நின்றபடியே முடிவெடுத்தேன். வீட்டுக்குப் போகும் நாளில் அந்த மிஸ் ஒரே ஒரு விசயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினா. "சாப்பாட்டை அவரே சாப்பிடட்டும். சிந்தும், கொட்டும், நேரம் எடுக்கும். அந்தக் கையாலதான் சாப்பிடோணும். நீங்கள் அள்ளி வாயில தீத்தி விட்டுடாதேங்கோ."

முதலில் ஒழுங்காகத்தான் செய்தோம். கைப்பிடியில் துணி சுற்றிய கரண்டியை அண்ணனின் வலக்கைக்குள் வைத்துவிட்டு இருப்போம். கரண்டி தட்டிலிருந்து கிளம்பும், நடுவழியில் நடுங்கும், பாதி சோறு மடியில் சாரத்தின் மேல் விழும். சில நாள் வாய்வரை வரும். அப்போது அம்மா சிலுவை போட்டுக்கொள்வா.

ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் பக்கத்தில் வருத்தக்காரரை ஆட்கள் வந்து பார்ப்பது கடமை, அதுவும் சாப்பாட்டு நேரம் பார்த்து வருவதில் ஒரு குறையும் வைக்க மாட்டார்கள். வந்தவர்கள் அண்ணன் சோறு சிந்திக்கொண்டிருப்பதையும், பக்கத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதையும் கண்டால் முகம் மாறும். "குமர்ப்பிள்ளை ஒண்டு வீட்டில இருந்தும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் தீத்த ஆளில்லை" என்று ஒரு மாமி ஒழுங்கையில் நின்று சொன்னது அம்மாவின் காதுக்கு வந்தது. அம்மா அன்றிரவு அழுதா. இடக்கையால் சாப்பிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நாலு பேர் முன்னால் இடக்கையால் சோறு அள்ளுவதை விடப் பட்டினி கிடக்கலாம் என்பது அண்ணனின் எண்ணம்.

மாமியின் தலையில் முழுப் பழியையும் போட்டுவிட எனக்கு ஆசைதான். உண்மை அப்படி இல்லை. அண்ணன் தானே சாப்பிட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். நான் குழைத்துத் தீத்தினால் பத்து நிமிடம். எனக்குப் பள்ளி முடிந்து, அண்ணனுக்குச் சாப்பாடு கொடுத்து, பாலம் தாண்டி மன்னார் ரவுணுக்கு ரியூசனுக்குப் போக வேண்டும். எங்கள் பள்ளியில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருக்கவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டால் ஒரு பாடம் போய்விடும். பாடம் போனால் புள்ளி போகும். புள்ளி போனால் ஓ.ரி. போகும். இப்படி ஒரு கணக்கு என் தலைக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் ரியூசன் உள்ள நாட்களில் மட்டும் தீத்தினேன். பிறகு சோதனை வருகிற மாதங்களில். பிறகு எல்லா நாளும்.

அண்ணனும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். எல்லா நாளும் என்று ஆவதற்கு முன் ஒரு நாள் கரண்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "எனக்கு ஏலாதடி, நீயே தீத்தி விடு" என்றார். "ஏலும் அண்ணா, பழகுங்கோ" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்த நிம்மதியில் அது வாயில் வரவில்லை. ஒரு கையால் தீத்திக்கொண்டு மறு கையில் குறிப்புகளை வைத்து வாசிக்கவும் பழகிவிட்டேன். தசை எப்படிச் சுருங்குகிறது, நரம்பு எப்படிச் செய்தி கொண்டுபோகிறது என்று அண்ணனின் தலைக்கு மேலால் பார்த்துப் பாடமாக்கினேன். அவருடைய விரல்கள் மடிக்குள் மெல்ல மெல்ல மடங்கிக்கொண்டு போனதை நான் பார்க்கவே இல்லை.

ஊர் இப்போது என்னைக் கொண்டாடத் தொடங்கியது. முதல் வெள்ளியில் வருத்தக்காரருக்கு நற்கருணை கொண்டுவரும் சுவாமி, நான் தீத்துவதைப் பார்த்துவிட்டுப் பூசையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "எங்கட பங்கில ஒரு பிள்ளை இருக்கு..." என்று. பெயர் சொல்லவில்லை, ஆனால் கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு அந்தப் புகழ் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டேன். மன்னார் மாவட்டத்து வெட்டுப்புள்ளிக்கு மேலே என் புள்ளி நின்றது. பல்கலைக்கழகத்தில் சிலர் "நீ மாவட்டக் கோட்டாவில வந்தனி" என்று பகிடி பண்ணுவார்கள். பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் பாலம் தாண்டி ஓடிப் படித்துப் பாருங்கள், அதற்குப் பிறகு கோட்டாவைப் பற்றிக் கதைக்கலாம் என்பேன். அந்த இடத்துக்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு இடத்தில் இருந்தது, அது இரண்டாம் வருடத்தில் ஒரு விரிவுரையில் தெரியவந்தது.

பலவீனமான கையைப் பாவிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அன்று படிப்பித்தார்கள். மூளை அந்தக் கையைக் கைவிட்டுவிடுமாம். வருகிற அசைவும் வராமல் போகுமாம். மூட்டும் தசையும் இறுகி விரல் மடங்குமாம். முதல் மாதங்கள்தான் முக்கியம், பிறகு செய்வதெல்லாம் இருப்பதைக் காப்பாற்றும் வேலைதான் என்றார் விரிவுரையாளர். திரையில் ஒரு கையின் படம் வந்தது. யாரோ வெள்ளைக்காரரின் கை. அப்படியே எங்கள் வீட்டுக் கை. பக்கத்தில் இருந்தவள் "என்ன, சுகமில்லையா?" என்று கேட்டாள். தலையிடி என்றேன்.

உயர்தரப் பரீட்சை முடிந்து, பல்கலைக்கழகம் தொடங்கும்வரை மாதக்கணக்காக வீட்டில் சும்மா இருந்தவள்தானே, அப்போதாவது கரண்டியைக் கையில் கொடுத்திருக்கலாமே என்று என்னை நானே கேட்டிருக்கிறேன். அதற்குள் அவருக்கும் எங்களுக்கும் பழகிவிட்டது. சாப்பாடு என்றால் தீத்துவது, அவ்வளவுதான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்ப்போம் என்று போனால், எந்தக் கட்டளைக்குக் கீழே சொல்வது என்று தெரியவில்லை. பத்திலும் இது இல்லை. அண்ணனுக்குத் தீத்தினேன் சுவாமி என்றேன். "அது புண்ணியம் பிள்ளை, பாவம் இல்லை" என்று ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு, தந்த செபத்தைக்கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

போன விடுமுறைக்கு ஒரு முடிவோடுதான் வீட்டுக்குப் போனேன். படித்த அத்தனையையும் அண்ணனில் இறக்கினேன். காலையில் விரல்களை நீவி விரிப்பது, இரவில் அவை மடங்காமல் அணைச்சட்டத்தில் வைத்துக் கட்டுவது, மூன்று வேளையும் அவரே சாப்பிடுவது. வாசலில் ஆள் வந்தால் வந்த ஆளை வெளியே இருத்திவிடுவேன். அம்மா என்னைப் பொலிஸ்காரி என்றா. அண்ணன் சொன்னதையெல்லாம் செய்தார். வாட்டில் எனக்கு வாய்த்த எந்த நோயாளியும் அப்படிச் சொல்வழி கேட்டதில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் கொஞ்சம் இளகின. மற்ற மூன்றும் அசையவில்லை.

விடுமுறையின் கடைசி நாள் மத்தியானம். பெட்டி கட்டி வாசலில் இருந்தது. திரளி மீன் குழம்பும் சோறும் வைத்து, கரண்டியை அவர் கைக்குள் செருகிவிட்டு, முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். கரண்டி தட்டில் முட்டியது, சரிந்தது. திரும்பச் செருகினேன். திரும்பச் சரிந்தது. அவருக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வேர்த்தது போலவே வேர்த்தது. நான் கையை நீட்டவில்லை.

"முந்தி இது வந்தது, தெரியுமே?" என்றார் அண்ணன். குறை சொல்கிற குரலே இல்லை. "வாய்மட்டும் கொண்டு வருவன். ஒரு நாள் முழுத் தட்டும் நானே சாப்பிட்டனான். நீ பள்ளியால வர முந்தி."

"பிறகு ஏன் ஏலாது எண்டு சொன்னீங்கள்?"

"நீ எனக்கு முன்னால இருப்பாய். ஒண்டும் சொல்ல மாட்டாய். மணிக்கூட்டைத்தான் பாத்துக்கொண்டு இருப்பாய்." கரண்டியை மீண்டும் பிடிக்கப் பார்த்தார். "பஸ் போயிடும் எண்டு முகம் செத்துப் போயிருக்கும். அதுக்குத்தான் ஏலாது எண்டனான். கம்பஸ் கிடைச்சது தானே, பிறகென்ன."

குசினியில் அம்மா சட்டி கழுவும் சத்தம் நின்றுவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுதேன். அண்ணன் இடக்கையால் என் தலையில் ஒரு குட்டுக் குட்டிவிட்டு, "உனக்கு எத்தனை மணிக்கு பஸ்?" என்று கேட்டார்.

"அது கிடக்கட்டும். நீங்கள் சாப்பிடுங்கோ."

பஸ் இருந்தது. அதில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து கொழும்பு பஸ்ஸைப் பிடித்தால்தான் மறுநாள் காலை வாட்டுக்குப் போய்ச் சேரலாம். அங்கே பாரிசவாதத்தில் கை விழுந்த ஒரு ஐயாவுக்குக் கோப்பை பிடிக்கப் பழக்குவது என் பொறுப்பு. வராவிட்டால் புள்ளி குறைப்பார்கள். அண்ணன் தட்டையும் வாசலில் இருந்த பெட்டியையும் ஒருமுறை பார்த்தார். கரண்டியை விரல்களுக்குள்ளிருந்து தானே இடக்கையால் உருவித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

நான் சோற்றைக் குழைத்துத் தீத்தினேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.