ஐந்து பாகம் ஆழத்தில் ஓர் இடம்

"கடலுக்குள்ள கெடக்க எடத்த நோட்டுல எழுதி வச்சிக் கண்டுபுடிச்சிருவியாளா நீ?"

என் தாய்மாமா இதைக் கேட்டபோது திரேஸ்புரம் கரையில் உட்கார்ந்து வள்ளத்தின் கிழிந்த பாயைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதில் கையொப்பத்துக்கு ஒரு கோடு விட்டிருந்தார்கள். அப்பா காய்ச்சலில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கோட்டில் மாமா கைநாட்டு வைத்தால்தான் நான் பாளையங்கோட்டைக்குப் போக முடியும் என்று நினைத்தேன். இதுவரை படித்ததே ஒரு பெண்ணுக்கு அதிகம், கடற்கரையில் அந்தப் படிப்பு எதற்கு உதவும் என்பது அவர் கட்சி. பேச்சு முற்றியபோது, அப்பா எனக்குக் கடலில் காட்டிய இடத்தின் அடையாளம்கூட என் நோட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதற்குத்தான் அவர் அப்படிக் கேட்டுச் சிரித்தார்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வா. அந்த எடத்த எனக்குக் காட்டு. காட்டிட்டேன்னா கைநாட்டு வைக்கேன். இல்லன்னா பேப்பர மடிச்சு வச்சிட்டு அடுப்பப் பாரு."

சரி என்றேன். எனக்குப் பயமே இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுதப் படித்தவள் நான். எழுதி வைத்த ஒன்று என்னைக் கைவிடும் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை.

அந்த இடத்தை நான் பார்த்தது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடம். எனக்கு ஒன்பது வயது. அப்பா சங்கு குளிப்பவர். காலைக் கல்லில் ஊன்றிக்கொண்டு கடலின் அடிக்குப் போவார். இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே வள்ளத்தில் மாமா பிடித்திருப்பார். எங்கள் கரையில் குளிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும். தன் அக்காளையோ தங்கையையோ தாலியறுக்க எவனும் விடமாட்டான் என்பதுதான் அதன் நியாயம். வேறு யார் கையிலும் கயிற்றைக் கொடுத்து ஒருவரும் இறங்குவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொழில் கிடையாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை வள்ளத்தில் ஏற்றினார். பெண்பிள்ளையை ஏற்றலாமா என்று கரையில் நாலு பேர் கேட்டார்கள். "சும்மா காட்டிட்டு வாரேன், குளிக்கவா போறேன்?" என்றார். காற்றில்லாத மாசி மாதக் கடல். போய்ச் சேர்ந்ததும் என் தலையைப் பிடித்துத் தண்ணீரை ஒட்டிக் குனிய வைத்தார்.

ஐந்து பாகம், ஐந்து ஆள் உயர ஆழத்தில் தரை தெரிந்தது. கொம்பு கொம்பாகப் பவளப்பாறை, ஊதாவும் மஞ்சளும். நடுவே ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு வெள்ளை மணல். அந்த மணலில் எங்கள் வள்ளத்தின் நிழல் கிடந்தது. நிழலின் ஓரத்தில் சின்னதாக ஒரு தலை. நான் அசைந்தேன், அதுவும் அசைந்தது. நீல மீன்கள் என் தலைக்குள் புகுந்து வெளியே போயின. அதன்பின் நான் பல ஊர்களைப் பார்த்துவிட்டேன். குற்றாலத்துக்குப் பள்ளியிலிருந்து கூட்டிப்போனார்கள். மற்றப் பிள்ளைகள் அருவியைப் பார்த்துக் கூச்சல் போட்டபோது நான் ஓரமாக நின்று, இதைவிட அழகானது ஒன்று எனக்குத் தெரியும், யாரிடம் சொல்ல என்று நினைத்துக்கொண்டேன். மேல்வகுப்புக்காக வெளியூர் விடுதியில் ஐந்து வருடம் இருந்தேன். அங்கே நான் கடற்கரைப் பிள்ளை. லீவுக்கு வீட்டுக்கு வந்தால் படித்த பிள்ளை. இரண்டு இடத்திலும் என்னோடு உட்கார்ந்து பேச ஆளில்லை.

கடலில் ஓர் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க, கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பொருள்களை நேர்க்கோட்டில் பார்ப்பார்கள். அப்படி இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் அந்த இடம். அப்பாவின் இடத்துக்கு, முயல் தீவின் கலங்கரை விளக்குக்கு நேர் பின்னால் பஞ்சாலையின் புகைபோக்கி நிற்க வேண்டும். கரையில் நின்ற இரட்டைப் பனைக்கு நேர் பின்னால் மாதா கோயில் கோபுரம் நிற்க வேண்டும். நான் என் பங்குக்கு மூன்றாவதாக ஒன்று கண்டுபிடித்தேன். சுண்ணாம்பு சுடும் காளவாய்ச் சூளைக்கு நேர் மேலே என் பள்ளிக்கூடத்தின் ஓட்டு முகடு தெரிந்தது.

"பள்ளிக்கூடத்த வச்சு ஆருளா கடல்ல எடம் பாப்பா?" என்று அப்பா சிரித்தார். "சரி, அது உன் கணக்கா இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் மூன்றையும் நோட்டில் எழுதினேன்.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் மட்டும் போனோம். அவர் பாயையும் சுக்கானையும் பார்த்துக்கொண்டார். நான் நோட்டை மடியில் வைத்திருந்தேன். விளக்கும் புகைபோக்கியும் ஒரே கோட்டில் வந்தன. அந்தக் கோட்டைப் பிடித்தபடியே வெளியே, ஆழ்கடல் பக்கம் போனோம். இனி இரட்டைப் பனை. அங்கே பனை இல்லை. யுத்த காலத்தில் கரையில் கொட்டகை போடுவதற்காக வெட்டிவிட்டார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் இன்றுவரை அந்தப் பனையைப் பார்த்தே வள்ளம் விடுகிறார்கள். 'பனைக்கு நேரா பிடிலே' என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் வெறும் வானத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். மாமாவும் அப்படித்தான் கண்ணைச் சுருக்கி வெறும் இடத்தைப் பார்த்தார். கல்லைப் போட்டு வள்ளத்தை நிறுத்தினார்.

"இதான். குனிஞ்சு பாரு."

பார்த்தேன். பாறை இருந்தது. பச்சைப் பாசி ஆடியது. மீன்கள் கூட்டமாகத் திரும்பின. அழகான இடம். மாமாவின் முகம் இளகியிருந்தது. அவரே அங்கே வந்து வருடக்கணக்கில் ஆகிவிட்டது. அப்பா போன பிறகு அவர் சங்கு குளிப்புக்குப் போவதில்லை. "உங்கப்பன் இங்கன எறங்குனாம்னா ஏறவே மனசு வராது," என்றார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். நோட்டை மூடிக்கொண்டு, ஆமாம் மாமா, இதுதான் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே கைநாட்டு கிடைத்திருக்கும். கரையைத் திரும்பிப் பார்த்தேன். பள்ளிக்கூட முகடு காளவாய்க்கு மேலே இல்லை. கையை நீட்டி அளந்தால் நாலு விரல் தள்ளி இருந்தது.

"இது இல்ல மாமா. இன்னும் வெளிய போணும்."

"என்னளா சொல்லுத? கயிறு புடிச்சவன் நான். எனக்குத் தெரியாதா?"

"பனை இருந்தா உங்களுக்குத் தெரியும். இப்ப பனை இல்லைல்லா?"

அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கல்லைத் தூக்கினார். முகடு நகர்ந்து நகர்ந்து காளவாயின் தலையில் ஏறி உட்கார்ந்தது. "இங்கன!" என்று கத்தினேன். கத்திவிட்டுத்தான் குனிந்தேன்.

கீழே நிறமே இல்லை. எல்லாம் ஒரே கறுப்பாகக் கலங்கித் தெரிந்தது.

மாமா சட்டையைக் கழற்றினார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுமுனையைக் கையில் வைத்தபடி சற்று நேரம் நின்றார். அவருடைய கயிற்றைப் பிடிக்க உலகத்தில் இருந்த ஒரே மச்சான் என் அப்பா. வள்ளத்தில் நான்தான் இருந்தேன். கடைசியில் அதை என் கையில் திணித்தார்.

"ரெண்டு வாட்டி சுண்டுனா இழு. வேற எங்கயும் பராக்குப் பாக்காத."

அவர் மறைந்ததும் சுற்றிலும் தண்ணீர் மட்டும் இருந்தது. எழுத்தோ நோட்டோ நினைவுக்கு வரவில்லை. கயிறு என் விரல்களுக்கிடையில் மெல்ல நடுங்கியது. அப்பாவின் கயிறும் இப்படித்தான் இருந்திருக்கும், இதை எத்தனை வருடம் இந்த மனுஷன் பிடித்திருக்கிறார் என்று அப்போதுதான் தோன்றியது. இரண்டு முறை சுண்டியது. உள்ளங்கை தோல் உரிய இழுத்தேன்.

மேலே வந்தவர் கையிலிருந்ததைப் பலகையில் போட்டார். கருகிய கரிக்கட்டி; இரும்புபோல் கனத்தது. யுத்த காலத்தில் வெளியே நங்கூரமிட்டு நின்ற கப்பல்கள் நிலக்கரி அடுப்புச் சாம்பலையும் கட்டியையும் கடலில்தான் கொட்டின. அந்தக் குவியலுக்கடியிலிருந்து ஒடிந்த பவளக்கொம்பு ஒன்றும் அவர் கையில் வந்திருந்தது. வெளிறி, எலும்புபோல் இருந்தது.

"இது உங்கப்பன் எடம் இல்ல," என்றார் மாமா.

"அடையாளம் எல்லாம் சரியா இருக்கு மாமா."

"இல்லங்கேன்லா! அவன் எடம் இப்படி இருக்காது. முன்னால பாத்தோம் பாரு, அதான்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடல் தண்ணீர்தான் என்று வைத்துக்கொண்டேன். வள்ளத்தைக் கரைப்பக்கம் திருப்பினார். அதுதான் அப்பாவின் இடம் என்று அவருக்குத் தெரியும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கரையேறியதும், "காட்டல. கைநாட்டு கெடயாது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் ஜெயித்திருந்தேன். அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. என் கணக்கு சரி என்று தெரிந்த ஒரே ஆள் அது இல்லை என்று சொல்லிவிட்டார். நானும் அந்த இடத்தை இழந்துவிட்டேன். கண்ணை மூடினால் நீல மீன்களுக்குப் பதில் கரிக்கட்டிதான் வந்தது. அவரைப்போல அந்தப் பச்சைப் பாசி இடத்தையே அப்பாவின் இடம் என்று நம்ப முயன்றேன். முடியவில்லை. நோட்டில் இரட்டைப் பனை என்று எழுதியிருந்ததன் பக்கத்தில் 'இப்போது இல்லை' என்று எழுதினேன்.

அம்மா முற்றத்தில் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள். கயிறு அறுத்த தடத்தில் தேங்காயெண்ணெய் தடவினாள்.

"அந்தப் பேப்பர்ல என்ன போட்ருக்கு? வாசி."

"தகப்பனார் அல்லது காப்பாளர் கையொப்பம்."

"ஆம்பளதான் வைக்கணும்னு போட்ருக்கா?"

மறுபடியும் வாசித்தேன். அப்படி எங்கும் இல்லை. அந்தப் பேப்பரை நான் பத்துத் தடவையாவது படித்திருப்பேன்.

"இல்லம்மா."

"அப்ப கொண்டா. ஒங்க மாமன் கோவிச்சா நான் பாத்துக்கிடுதேன்."

கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் மைக்கூட்டில் பெருவிரலைத் தொட்டு அந்தக் கோட்டின்மேல் அழுத்தி வைத்தாள். கோடு முழுவதும் மறைந்துவிட்டது. பக்கத்தில் அவள் பெயரை நான் எழுதினேன். மை காய்ந்தும் மீன் வாடை போகவில்லை. திங்கட்கிழமை காலை தபாலாபீஸ் திறந்ததும் முதல் ஆளாகப் போய் அதைச் சேர்த்துவிட்டேன்.