ராணி சுருட்டுப் பிடித்த படம்

ஈப்போவில் என் பெயரைச் சொன்னால் லோரி இல்லாதவர்கள்கூட என் டயர் கடைக்கு வழி காட்டுவார்கள். இரண்டு கடை, நான்கு லோரி, புந்தோங்கில் சொந்த வீடு, கோயிலுக்கு முன்னால் நிற்கிற தகரக் கொட்டகை, எல்லாம் இந்தக் கையால் வந்தவை. படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. எனக்குக் கடன் கிடையாது என்று விரட்டிய வங்கி, இன்று தீபாவளிக்கு முறுக்கு டின் அனுப்புகிறது. இதையெல்லாம் முதலில் சொல்லாவிட்டால் அடுத்துச் சொல்லப்போவதை நம்பமாட்டீர்கள். ஒரு சினிமாவுக்கு நடிகரைப் பிடித்துக் கொடுத்தவனும் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

என் கடைசி மகள் காம்பாரில் படிக்கிறாள். நம் மலேசியாவின் பழைய படங்களில் இந்தியர்களையும் பெண்களையும் எப்படிக் காட்டினார்கள் என்று கட்டுரை எழுதுகிறாள். போன வாரம் கம்ப்யூட்டரில் ஒரு மலாய்ப் படத்தை ஓடவிட்டுக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்கப்பா, நம்மாளுங்கள எப்படிக் கேவலப்படுத்தியிருக்காங்கன்னு. பொம்பள வேஷம் போட்டு ஒருத்தன் சுருட்டுக் குடிக்கிறான். யாருன்னே தெரியல."

எனக்குத் தெரியும். என் அம்மாவின் தம்பி, என் மாமா.

எங்கள் ரப்பர் தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். மாமா பால்மரம் வெட்டுபவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். வருஷம் முழுக்கப் பால் வாளி தூக்குகிற அந்த ஆள், மாரியம்மன் திருவிழா நாடகத்தில் மட்டும் ராணி. எங்கள் தோட்டத்தில் பெண்கள் மேடையேறும் வழக்கம் இல்லை. ஆண்தான் பெண்ணாக வருவார், அதில் கேலி எதுவும் கிடையாது. நாடகத்துக்கு முந்தைய வாரம் மாமா கவிச்சி தொடமாட்டார், தரையில் பாய் விரித்துப் படுப்பார். பிள்ளையைப் பறிகொடுத்த ராணியாக அவர் அழுதால் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுவார்கள். நாடகம் முடிந்ததும், அரிதாரம் கலைக்குமுன், தாய்மார்கள் வரிசையாக வந்து கைக்குழந்தைகளை அவர் மடியில் கிடத்துவார்கள். ராணி தொட்ட பிள்ளையை நோய் அண்டாது என்று நம்பிக்கை. நானும் அந்த மடியில் கிடந்தவன்தான். மறுநாள் அதே பெண்கள், "வாளிய அப்பால வைண்ணே" என்று அவரை விரட்டுவார்கள். அது வேறு.

எனக்குப் பத்து வயதான அந்த வருஷம் கோலாலம்பூரிலிருந்து படக்காரர்கள் வந்தார்கள். கதையில் ஒரு தோட்டத்துக் குடிகாரன் வருகிறான். அவன் விழுந்து கிடக்க, பெண்டாட்டி அழ வேண்டும். குடிகாரனாக நடிக்க ஆண்கள் முண்டியடித்தார்கள். பெண்டாட்டிக்குத்தான் ஆள் இல்லை. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி டைரக்டரின் மலாயைத் தமிழாக்கிச் சொன்னதும் கங்காணி துண்டை உதறினார்.

"நம்ம பொம்பளைங்கள ஊரான் முன்னுக்கு நிறுத்தி அழ விடறதா? முடியாதுலா."

நான் கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் வந்தேன். "எங்க மாமா இருக்காரு! ராணியாவே அழுவாரு!"

கிராணி அதையும் சொன்னார். டைரக்டர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். மீசையைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்து, என் தோளில் தட்டினார். ரொம்பச் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன்.

மாமா தயங்கினார். "நாடகம் வேற, படம் வேற மாப்ள."

"நீங்க அழுதா கேமராவே அழும் மாமா" என்றேன். பேச்சில் நான் அப்போதே அப்படித்தான்.

மறுநாள் மாமா மீசையை எடுத்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அம்மாவின் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். குடிகாரனின் தலையைத் தூக்கி மடியில் வைத்து அழுதார். வேடிக்கை பார்த்த பெண்களும் அழுதார்கள். சிரித்துக்கொண்டிருந்த படக்காரர்கள்கூட வாயை மூடினார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று கிராணி கைகாட்டினார். மாமா ஒரு ரப்பர் மரத்தடியில் போய்ப் புடவையை முழங்காலுக்கு மேல் வழித்துக்கொண்டு, காலை அகட்டி உட்கார்ந்து சுருட்டுப் பற்ற வைத்தார். வேலை முடிந்த மனுஷன் எப்படி உட்காருவான், அப்படி. கேமரா மெல்ல அந்தப் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். மாமா பார்க்கவில்லை. நமக்கு இன்னொரு காட்சி கொடுக்கிறார்கள் என்று பூரித்துப்போய்ப் பேசாமல் நின்றேன்.

படம் ஈப்போவுக்கு வந்தபோது தோட்டமே லோரியில் ஏறிப் போனது. மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். திரையில் அவர் அழுத முகம் வந்ததும் எங்கள் ஆட்கள் மூச்சுக்கூட விடவில்லை. அதற்குள் காட்சி மாறிவிட்டது. அதே நீலப் புடவை, முழங்காலுக்கு மேல். அழுத பெண்டாட்டி மரத்தடியில் காலை அகட்டி உட்கார்ந்து புகை விடுகிறாள். கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. மலாய்க்காரர்கள், சீனர்கள், எங்கள் தோட்டத்து ஆட்கள், எல்லாரும்தான். அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்காலிமேல் ஏறி நின்றேன்.

"அது எங்க மாமா! இந்தா, இங்கதான் உக்காந்திருக்காரு! நான்தான் சேத்துவிட்டேன்!"

தமிழ் தெரியாதவர்களுக்காக மலாயிலும் ஒரு தடவை கத்தினேன். கொட்டகை முழுக்கத் திரும்பியது. யாரோ விசிலடித்தான். மாமா சிரித்தார், எல்லாருக்கும் தலையாட்டினார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"வா மாப்ள, போலாம்."

"படம் முடியலயே மாமா?"

"பஸ்ஸு போயிரும்லா."

நாங்கள் வந்தது தோட்டத்து லோரியில். எந்த பஸ்ஸைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கையை உதறிவிட்டு மீதிப் படத்தைப் பார்க்க உட்கார்ந்துகொண்டேன். அவர் தனியாகப் போனார்.

அந்த வருஷத் திருவிழாவிலும் அவர்தான் ராணி. பிள்ளைக்காக அவர் அழ ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அக்கா, சுருட்டு இருக்கா?" கூட்டம் சிரித்தது. மாமா ஒரு வரி விடாமல் நடித்து முடித்துவிட்டு, வழக்கம்போல் மடியை விரித்து உட்கார்ந்தார். ஒரு சின்னப் பெண் குழந்தையோடு எழுந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் களுக்கென்று சிரிக்கவும் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் எழவில்லை. மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் முந்தானையாலேயே அரிதாரத்தைத் துடைத்தார்.

அடுத்த வருஷம் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். அவர் மறுபடி வேஷம் கட்டவே இல்லை. சினிமாவில் நடித்தவர் இனி எங்கள் பலகை மேடையில் ஏறுவாரா என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன். அதைத்தான் நான் நம்பினேன். ரொம்ப வருஷம் நம்பினேன்.

மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். யாரென்று தெரியவில்லை என்று எழுதக்கூடாது. மாமாவின் பெயரைப் போடு. அழுததுதான் அவர் நடிப்பு, சுருட்டு அவருடைய ஓய்வு, அதை அவர்கள் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்று எழுது. அதற்குக் கீழே என் பெயரையும் போட வேண்டும். கூட்டிக்கொண்டு போய்க் கேமரா முன்னால் நிறுத்தியவன் நான். அத்தனை பேர் சிரிக்கும்போது நாற்காலிமேல் ஏறி அவரை அடையாளம் காட்டியவனும் நான். அந்தப் படத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.